மலையடிவாரத்தில் ஒரு மிதிவண்டிப் பயணம்

 

குற்றாலம் என்றதும் உங்கள் நினைவில் எழும் காட்சி எது? வேனில் நெருக்கியடித்து அமர்ந்து வந்து, பேரருவியின் கூட்டத்தில் முண்டியடித்து நனைந்து, ஈரத் துணியோடு பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, மாலைக்குள் ஊர் திரும்பும் காட்சிதானே? தென்காசியிலேயே வாழும் எனக்கும் நெடுங்காலம் அவ்வளவுதான் குற்றாலம். அருவிகளைத் தாங்கி நிற்கும் மலையின் அடிவாரம் முழுவதும் அமைதியான சிறு சாலைகள் ஓடுகின்றன என்பதும், அவற்றை அறிய ஏற்ற வாகனம் மிதிவண்டியே என்பதும் நாற்பது வயதைக் கடந்த பிறகே எனக்குப் புலப்பட்டன.

அதைக் கற்பித்தவள் என் மகள். அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி, அவள் பதினோராம் வகுப்புப் படித்தபோது கிடைத்தது. வீட்டுத் திண்ணையில் அது பல மாதங்கள் தூசி படிந்து நின்றது. "வேண்டாம்மா, ரோட்டுல லாரி" என்பதே என் பதில். அதில் பொய்யில்லை. கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியே செல்கிறது. கல்லும் மணலும் ஏற்றிக் கேரளம் செல்லும் லாரிகள் இரவு பகலாக அதில் ஓடுகின்றன. ஒருநாள் அவள் கேட்டாள்: "வாப்பா, லாரி இல்லாத ரோடு இருந்தா விடுவீங்களா?"

"விடுவேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காக்க வேண்டுமே! சாலைகளைத் தேடத் தொடங்கினேன்.

காற்றின் வழி

பயணத்துக்கு முன் இந்நிலத்தின் காற்றை அறிந்துகொள்வது நலம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதித் தன் மழையின் பெரும்பகுதியைக் கேரளத்திலேயே பொழிந்துவிடுகிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்கிறது. அந்த வாசல் வழியே ஈரக்காற்று இப்பக்கம் நுழைகிறது. தமிழகத்தின் பிற பகுதிகள் வெயிலில் வாடும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கே சாரல் தூவுவதன் காரணம் இதுவே. 1904-இல் கொல்லம்–செங்கோட்டை இரயில் பாதையும் இதே கணவாயைத்தான் நாடியது.

மிதிவண்டிக்காரருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சாரல் காலத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசும். சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரைப் பக்கம் சூரியகாந்தி வயல்களைக் காணக் கிழக்கே புறப்பட்டால், போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது ஒவ்வொரு மிதிக்கும் விலை கேட்கும். ஆகவே உடலில் தெம்புள்ள காலையில் மேற்கு நோக்கிச் சென்று, களைத்த பின் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவதே அறிவுடைமை.

வடகரைச் சுற்று

அவ்வாறு நாங்கள் தேர்ந்த சுற்று இது: தென்காசியிலிருந்து குற்றாலம், அங்கிருந்து செங்கோட்டை, பிறகு பண்பொழி, வடகரை, மேக்கரை. திரும்பும்போது வடகரையிலிருந்து அச்சன்புதூர் வழியாகத் தென்காசி. அனைத்தும் ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்குள் அடங்கும். "கஸ்ரு உண்டா வாப்பா?" என்று கூட வந்த என் மகன் ஆவலோடு கேட்டான். தொழுகையைச் சுருக்க உலமாக்கள் கூறும் தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். "முழுமையாகவே தொழ வேண்டும்" என்றேன். அவன் முகம் சற்றே சுருங்கியது.

சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். விடியற்காலைக் குற்றாலத்தை நீங்கள் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். கடைகள் திறவாத தெருவில் அருவியின் ஓசை மட்டும் நம்மோடு வருகிறது. செங்கோட்டையை அடையும்போது நெடுஞ்சாலையின் இரைச்சல் சிறிது நேரம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. அவ்விடத்தில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்தோம். பண்பொழிச் சாலையில் திரும்பியதும் இரைச்சல் அறுந்துபோயிற்று. இடப்பக்கம் மேகம் போர்த்திய மலை. வலப்பக்கம் வயலும் தென்னந்தோப்பும். நடுவே நாங்கள் மூவர்.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்கு, நடையில் நிதானத்தையும் குரலில் தாழ்வையும் கைக்கொள்ளுமாறு உபதேசித்ததாகத் திருமறை கூறுகிறது. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம் அது. புகையும் ஒலியும் இன்றி, எவரையும் விலகச் சொல்லி மிரட்டாமல் செல்லும் அந்த வண்டியின் மீதிருந்தபோது, பாடத்தின் பொருள் கால்களின் வழியே ஏறுவதுபோல் உணர்ந்தேன்.

பண்பொழியைத் தாண்டியதும் மகளின் வண்டியில் சங்கிலி கழன்றது. நான் ஜிப்பாவின் கையை மடிக்கத் தொடங்குவதற்குள் அவள் குனிந்து, ஒரு குச்சியால் சங்கிலியைப் பல்லில் மாட்டி, மிதியைப் பின்னோக்கிச் சுழற்றிச் சரிசெய்துவிட்டாள். எங்கே கற்றாள் என்று கேட்டேன். "திண்ணையிலதான்" என்றாள். ஓட்ட அனுமதியில்லாத அந்த மாதங்களில் வண்டியைக் கழற்றியும் பூட்டியும் பழகியிருக்கிறாள்!

ஒரு கேள்வி

வடகரை நம் சமுதாய மக்கள் மிகுந்து வாழும் ஊர். அங்கே ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்தோம். முதியவர் ஒருவர் எங்களையும் வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஹஜ்ரத், பிள்ளைய சைக்கிள்லயா கூட்டிட்டு வந்தீக?" என்றார். கண்டனம் வரப்போகிறது என்று எண்ணி, மனத்துக்குள் விடை தேடினேன். அப்போதுதான் ஓர் உண்மை உறைத்தது. லாரிகளைக் கடந்து வந்த பிறகும் என் நெஞ்சில் அச்சம் எஞ்சியிருந்தது. இத்தனை மாதங்கள் நான் அஞ்சியது லாரிக்கு மட்டுமன்று, "ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்விக்கும்தான்.

முதியவரோ, "எம் பேத்திக்குக் கொடுத்த வண்டி வீட்டுல சும்மா கெடக்கு. வித்துரலாம்னு இருந்தேன்" என்றார். தேநீரை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "இருக்கட்டும், விக்கல" என்றார்.

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் கப்பலேறிச் சிங்கப்பூர் சென்று குடியேறியவர்கள். அங்கே கடையநல்லூரார் நடத்திய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை வரலாறு அறியும். 'ஞானப்புகழ்ச்சி' பாடிய பீர்முகம்மது அப்பா அவர்கள் பிறந்தது தென்காசியில். வாழ்ந்து அடங்கியது தக்கலையில். பயணம் நமக்குப் புதிதன்று. ஆனால் கடல் கடந்த சமுதாயத்தின் பெண்மக்கள், தம் வீட்டுக்கு எதிரே தெரியும் மலையடிவாரத்தைப் பேருந்துச் சன்னலின் வழியாக மட்டுமே கண்டிருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள், முஸ்லிம் பெண்கள் உட்பட, மிதிவண்டி பழகினர். அதனால் அவர்களுடைய ஒழுக்கம் குறைந்ததாக எவரும் கூறக் கேட்டதில்லை. வேலைக்கும் சந்தைக்கும் செல்ல அவர்கள் பிறரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலைதான் குறைந்தது.

மேக்கரையில்

வடகரைக்கு மேற்கே சாலை மெல்ல ஏறுகிறது. கியர் இல்லாத வண்டிகளாதலால் ஏற்றங்களில் இறங்கி நடந்தோம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. மேக்கரையில், 132 அடி உயரமுள்ள அடவிநயினார் அணை மலையோடு மலையாக நிற்கிறது. பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று சிந்திக்குமாறு இறைவன் அழைப்பதை மகளுக்கு எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அவள் ஏற்கெனவே மௌனமாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டேன்.

சில எச்சரிக்கைகள்

நீங்களும் குடும்பத்தோடு புறப்பட விரும்பினால், இவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

சாரல் காலத்தின் சனி, ஞாயிறுகளையும், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை நீளும் ஐயப்ப பக்தர்களின் பருவத்தையும் தவிர்த்தால் சாலைகள் அமைதியாக இருக்கும். மேக்கரை, வடகரைப் பகுதித் தோப்புகளில் யானைகள் இறங்குவதுண்டு; விடியுமுன்னும் மஃக்ரிபுக்குப் பின்னும் அங்கே இருக்கலாகாது. செண்பகாதேவியும் தேனருவியும் காட்டுக்குள் இருப்பவை. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே செல்லாதீர்கள். அருவியில் நீர் திடீரெனக் கலங்கினாலோ, குச்சியும் இலையும் மிகுதியாக வந்தாலோ, ஓசை மாறினாலோ உடனே வெளியேறுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைப் பறித்தது.

பெண்மக்களின் வண்டிக்குச் சங்கிலி மூடியும், பின்சக்கரத்துக்கு வலைத் தடுப்பும் அவசியம். பர்தாவின் ஓரம் சிக்காது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, பாலித்தீன் உறையை நாமே வீசிவிட்டு வருவது தகுமா?

லுஹருக்குத் தென்காசி வந்து சேர்ந்தோம். முழு நான்கு ரக்அத்தும் தொழுதோம். மறுவாரம் மகள் பள்ளிக்கு மிதிவண்டியில் சென்றாள். நெடுஞ்சாலையைத் தொடாத தெருக்கள் எவை என்பதை அவளே கண்டுபிடித்திருந்தாள்.

வாசகப் பெருமக்களே! உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு மிதிவண்டி நிற்கக்கூடும். விற்றுவிடாதீர்கள். தூசி தட்டிக் காற்று அடித்து வையுங்கள். வழிகளை எளிதாக்குபவன் அல்லாஹ். தேடும் பொறுப்பு நம்முடையது.