தெருக்குரலும் தில்லை வாசலும்

"ஹிப்-ஹாப்" என்ற வார்த்தையைக் கேட்டவுடனே நம் வீடுகளில் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பதும், சிறியவர்கள் காதில் செருகிய கருவியை இன்னும் சற்று ஆழமாகச் செருகிக் கொள்வதும் வழக்கமாகிவிட்டது. இந்த இரண்டு கட்சிகளுக்கும் நடுவே அகப்பட்டு விழிப்பவர்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். "என்ன ஸார், பையன் ஓயாமல் ஏதோ கத்திக் கொண்டே இருக்கிறான், நீங்கள் கண்டிக்கக்கூடாதா?" என்று தகப்பனார் கேட்கிறார். பையனோ, "கத்தல் இல்லை ஸார், கவிதை" என்கிறான். கடலூரில் தமிழ் வாத்தியாராகக் காலம் தள்ளும் நாம் இந்த வழக்கைச் சில வருஷங்களாகவே விசாரித்து வருகிறோம். நமக்குத் தெரிந்ததை நேயர்களுக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில், இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது? 1973-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி, நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்னும் ஏழைப் பகுதியில் நடந்த ஒரு விருந்தைத்தான் இதன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா தேசத்து இளைஞர் அங்கே இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழலவிட்டு, பாட்டிலே தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டிக் கொண்டே போனார். அந்தத் தாளத்தின் மேல் வார்த்தைகளை அடுக்கிச் சொல்வதே "ராப்" ஆயிற்று. வாத்தியம் வாங்கப் பணமில்லாதவர்கள் வாயையே வாத்தியமாக்கிக் கொண்டார்கள் என்று சொன்னால் தவறாகாது.

தமிழுக்கு இது கப்பலேறித்தான் வந்தது. 1994-இல் "காதலன்" படத்துப் "பேட்டை ராப்" ஒரு வேடிக்கையாக நம் காதில் விழுந்தது. பிறகு 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி என்பவர் நட்சத்ரா குழுவினருடன் "வல்லவன்" என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். இதிலே ஆச்சரியம் ஒன்றுமில்லை. ரப்பர் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன தமிழர்களின் சந்ததியார் வாழும் நாடல்லவா அது? நம் தென் ஆற்காட்டு ஜில்லாவிலிருந்தும் எத்தனையோ பேர் அப்படிப் போனவர்களே.

ஆனால் இன்று நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது அரக்கோணத்துக்காரர் ஒருவரைப் பற்றி. அறிவரசு கலைநேசன் என்பது முழுப் பெயர். "அறிவு" என்றால் எல்லோருக்கும் தெரியும். பொறியியல் படித்தவர். 2018 ஜனவரியில், டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சியில், சென்னை கீழ்ப்பாக்கத்தில் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்ற குழு மேடையேறியது. "ஜாதி பேதமற்ற தமிழர்" என்று அயோத்திதாஸ பண்டிதர் வழங்கிய சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது. பறையும் சட்டியும் கட்ட மோளமும் கிட்டாரும் கானாவும் ராப்பும் ஒரே மேடையில் கூடிய அந்தக் குழுவில் அறிவும் ஒருவர். 2019-இல், ஓஃப்ரோ என்னும் இசையமைப்பாளருடன் சேர்ந்து "தெருக்குரல்" என்ற தொகுப்பை வெளியிட்டார். பெயரைச் சற்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். வள்ளுவர் திரும்பிப் பார்ப்பார்!

இதற்குப் பிறகு வந்ததுதான் 2021 மார்ச்சு மாதத்தில் உலகத் தமிழர்களையெல்லாம் ஆட்டி வைத்த "எஞ்சாய் எஞ்சாமி". சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், "தீ" என்னும் பாடகியுடன் அறிவு எழுதிப் பாடியது. கோடிக்கணக்கான தடவை உலகம் அதைக் கேட்டுவிட்டது. கேட்டவர்களில் எத்தனை பேர் அதன் உள்ளே இருக்கும் கதையைக் கேட்டார்கள் என்பதுதான் நம் சந்தேகம். அறிவின் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று இரண்டு பிரதமர்களும் கையெழுத்திட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மலையைப் பசுமையாக்கியவர்கள், கையில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லாமல் திரும்பி வந்தார்கள். பாட்டி வள்ளியம்மாள் வாயிலாகக் கேட்ட அந்தக் கதைதான் பேரனுடைய பாட்டாயிற்று. தோட்டம் போட்டவனுக்குத் தொண்டை காய்ந்த கதை அது. ஒப்பாரியின் சாயலும் தாலாட்டின் சாயலும் அதில் கலந்திருக்கின்றன.

நம் வகுப்பில் யாப்பிலக்கணம் நடத்திக் கொண்டிருந்த ஒரு நாள், எதுகைக்கும் மோனைக்கும் உதாரணம் கேட்டோம். முன் வரிசை மாணவர்கள் புஸ்தகத்தைப் புரட்டினார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, அறிவின் பாட்டிலிருந்து மளமளவென்று உதாரணங்களை எடுத்து வீசினான். எல்லாம் சரியான உதாரணங்கள். "எப்படியப்பா தெரியும்?" என்றோம். சற்றுத் தயங்கிவிட்டு, "எங்க ஆயாவும் இப்படித்தான் பாடும், ஸார். சாவு வீட்டுல. வெளியில சொல்ல வெட்கமா இருக்கும். இப்ப இல்ல" என்றான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த "இப்ப இல்ல" என்ற இரண்டு சொற்களுக்காகவே ஒரு பாட்டை நாம் மதிக்கத் தயார். சந்தமும் அடுக்கும் தமிழனுக்குப் புதிதல்ல. அருணகிரிநாதரின் சந்தத்தில் நாக்கு புரளாதவன் எந்த ராப் பாட்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தன் பாட்டியின் குரல் பாட்டுத்தான் என்று ஒரு குழந்தை தெரிந்து கொள்வதற்கு எந்த இலக்கண நூலும் இதுவரை உதவவில்லை.

நாம் பட்டம் பெற்றது சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். தமிழ் நாட்டில் தமிழிலே பாட வேண்டும் என்ற கிளர்ச்சிக்கு 1941-இல் மகாநாடு கூட்டி வலிமை தந்த இடம் அது. "தமிழில் பாடினால் சங்கீதத்தின் தரம் தாழ்ந்துவிடும்" என்று அன்றைக்குச் சொன்ன பெரிய மனிதர்கள் உண்டு. இன்று அந்தப் பேச்சைக் கேட்டால் சிரிக்கிறோம். தெருவின் தமிழில் பாடினால் தமிழின் தரம் தாழ்ந்துவிடும் என்று இப்போது சொல்கிறவர்கள், அந்தப் பழைய வழக்கின் தீர்ப்பை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

அதே சிதம்பரத்தில் இன்னொரு பழைய வழக்கும் உண்டு. ஆதனூரில் வயலில் உழைத்த நந்தன், தில்லைக்குப் போக ஏங்கிய கதையைச் சேக்கிழார் சொன்னார். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அந்த ஏக்கத்தைக் கீர்த்தனைகளாக்கினார். பண்ணையார் ஒருவரையும் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். 1942-இல் தண்டபாணி தேசிகர் நந்தனாராகத் திரையில் பாடினார். எல்லாம் அருமையான சங்கீதம். கண்ணீர் விடாமல் கேட்க முடியாது. ஆயினும், நந்தன் தன் வாயால் என்ன பாடினான் என்பது நமக்கு வந்து சேரவே இல்லை. அவனுக்காக மற்றவர்கள் பாடினார்கள். வயலில் நின்றவர்களின் பேரன், தானே எழுதித் தானே பாடித் தன் பெயரைப் போட்டுக் கொள்ளும் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது.

பெயர் என்றதும் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் "ரோலிங் ஸ்டோன் இந்தியா" பத்திரிகையின் அட்டையில் தீயின் படமும், ஷான் வின்சென்ட் டி பால் என்னும் கலைஞரின் படமும் வந்தன. அறிவின் படம் இல்லை. பா. ரஞ்சித் முதலானோர் கண்டித்த பிறகு, அறிவின் படத்துடன் தனி அட்டை ஒன்று வந்தது. 2022-இல் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மேடையில் அறிவு இல்லை. பாட்டை எழுதியதும் இசையமைத்ததும் பாடியதும் தாமே என்று அவர் பகிரங்கமாக எழுதினார். இது கூட்டுழைப்பில் விளைந்த பாட்டு, அறிவின் பங்கை நாங்கள் மறைக்கவில்லை என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் பதில் சொன்னார்கள். உள்ளே இருந்தவர்களின் கணக்கை வெளியிலிருந்து நாம் தீர்க்கப் போவதில்லை. ஆனால் உழைப்பவனின் பெயர் விட்டுப் போவதைப் பற்றிய பாட்டிலேயே, எழுதியவனின் பெயரைப் பற்றித் தகராறு எழுந்தது நம் மனசை உறுத்துகிறது. 2024-இல் அவர் வெளியிட்ட தொகுப்புக்கு "வள்ளியம்மா பேராண்டி" என்று பெயர் வைத்தார். பாட்டியின் பெயரை அட்டையிலேயே பொறித்துவிட்டால் அதை யாரால் எடுத்துவிட முடியும்?

ஆகவே, பெற்றோர்களுக்கு நம் விண்ணப்பம் இது: பிள்ளைகளின் காதிலிருக்கும் கருவியைப் பிடுங்க வேண்டாம். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்திலே எல்லோரும் உட்கார்ந்து கேளுங்கள். முதலில் "எஞ்சாமி", பிறகு "தெருக்குரல்", அதன் பிறகு "பேராண்டி". ராப் பாட்டுகள் எல்லாமே உயர்ந்தவை என்று நாம் சொல்லவில்லை, குப்பையும் ஏராளம். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். பாட்டு முடிந்ததும் பிள்ளைகளிடம், "இதை யார் எழுதினார்கள்? யார் பாடினார்கள்?" என்று மட்டும் கேட்க மறக்காதீர்கள். வீட்டிலே பாட்டி இருந்தால், அவளுக்குத் தெரிந்த பாட்டையும் ஒரு தடவை பாடச் சொல்லுங்கள். அவள் பெயரோடு எழுதி வையுங்கள்.