அங்கேயும் அடுப்பு உண்டா?

"என்ன போடலாம்? சிவலோகப் பதவியா, வைகுண்டப் பதவியா?" என்று அச்சகத்தார் கேட்டார்.

நெல்லைச் சந்திப்பை அடுத்த சிறிய அச்சகம் அது. மார்கழிக் காலை, வெயில் இன்னும் தெருவுக்கு இறங்கவில்லை. அன்று விடியற்பொழுதில் கண்மூடிய நம் ஆச்சிக்கு இரங்கல் சுவரொட்டி அடிக்கச் சென்றிருந்தோம். அச்சகத்தார் பழைய சுவரொட்டிகள் சிலவற்றை மாதிரிக்காக மேசைமீது விரித்தார். சிவலோகப் பதவி அடைந்தார் ஒருவர். வைகுண்டப் பதவி அடைந்தார் மற்றொருவர். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் இன்னொருவர். இயற்கை எய்தினார் வேறொருவர். நால்வரும் வாழ்ந்தது ஒரே ஊர்; குடித்தது ஒரே பொருநை நீர்; போன இடங்கள் மட்டும் வெவ்வேறு! அச்சுக்கூலியோ எல்லா உலகத்துக்கும் ஒன்றுதான்.

"நம்ம வீடு சைவம். சிவலோகப் பதவின்னே போடுங்க" என்றார் பெரியப்பா.

ஆச்சி பிறந்த வீட்டு மாமா விடவில்லை. "அத்தான், வைகுண்ட ஏகாதசியன்னைக்கு, சொர்க்கவாசல் தொறக்கிற நேரத்துல போன உசிரு. நேரா வைகுண்டந்தான். அதை மாத்திப் போட்டா பாவம்லா?"

இருவரும் நம்மை நோக்கினர். நமக்குரிய சொல் நான்காவது என்பதை அவர்கள் அறிவர். இளமை முதல் மேடையேறி, மேலுலகம் என்பது மேலோர் கட்டிய கதை என்று முழங்கிய வாய் நம்முடையது. அன்று அந்த வாய் திறக்கவில்லை. சான்றுகள் இல்லாமையால் அன்று. மூன்று நாள்களுக்கு முன் ஆச்சி கேட்ட ஒரு கேள்வி தொண்டையில் நின்றமையால்.

அதைச் சொல்லுமுன், இந்த ஆற்றங்கரையைச் சற்றுப் பாருங்கள், தோழர்களே! பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, இந்தக் குறுகிய ஓட்டத்துக்குள் எத்தனை சுவர்க்கங்களைத் தொட்டுச் செல்கிறது! பாபநாசம் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலம் வரை ஒன்பது கயிலாயங்கள். கீழ்ப்பகுதியில் ஒன்பது திருப்பதிகள். திருவைகுண்டம் என்று ஓர் ஊரே இருக்கிறது; அங்கே வைகுண்டநாதருக்கு ஒரு கோயில், கயிலாசநாதருக்கு ஒரு கோயில். வைகுண்டத்திலிருந்து கயிலாயத்துக்கு அந்த ஊரில் நடந்தே போய்விடலாம். ஆனால் வைகுண்டம் போனவன் மீள்வதில்லை என்பார் ஒருவர். சிவலோகமே முடிந்த முடிபு என்பார் மற்றொருவர்.

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றங்கரையில், சொரிமுத்தையனார் கோயிலில் முத்துப்பட்டனுக்கு ஆடி அமாவாசையன்று மக்கள் திரள்கின்றனர். பார்ப்பனனாய்ப் பிறந்து, அருந்ததியர் மகளிர் இருவரை மணந்து, பசுக்கூட்டத்தைக் காக்கப் போரிட்டு மாண்டவன் அவன் என்று கதை பாடுகிறது. நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டுகளில் இப்படிக் கொலையுண்டவர் கயிலாயம் போவது உண்டு. ஆயின் அங்கே தங்குவதில்லை. சிவனிடம் வரம் வாங்கிக்கொண்டு மண்ணுக்கே திரும்பிவிடுகின்றனர். ஏழை மக்களுக்குக் கயிலாயம் குடியிருக்கும் வீடன்று. முறையிட்டு மீளும் கச்சேரி! நீதி வேண்டியது இங்கே. ஆகவே திரும்பி வந்தாக வேண்டும்.

ஆற்றின் கரையிலேயே மேலப்பாளையம். அங்குள்ள இசுலாமியப் பெருமக்களைக் கேட்டால், கீழே ஆறுகள் ஓடும் சோலைகளைச் சொல்வர். பாளையங்கோட்டைக் கிறித்தவத் தோழரைக் கேட்டால், கண்ணீரும் இரவும் இல்லாத நகரத்தைச் சொல்வார்.

இவற்றுள் எது மெய் என்று வழக்காடியே நம் இளமை கழிந்தது. இன்று வேறொன்று கேட்கத் தோன்றுகிறது: ஏன் இவை வேறுபடுகின்றன?

விடை அரிதன்று. நீரற்ற பாலை நிலத்தில் பிறந்த மறையில் சுவர்க்கம் ஆறும் நிழலுமாயிற்று. உரோமப் பேரரசின் ஒடுக்குமுறைக்கு ஆளான சிறு கூட்டத்துக்கு அது கண்ணீரற்ற நகரமாயிற்று. பனிக்கட்டி சூழ்ந்த கிரீன்லாந்தின் பழங்குடியினர் இறந்தோரின் இன்ப உலகை வானத்தில் வைக்கவில்லை. அங்கே குளிரும் பசியும் என்று எண்ணினர். வெம்மையும் உணவும் நிறைந்த நல்லுலகம் கீழே என்றனர்! நாம் நரகத்தை வைத்த இடத்தில் அவர்கள் சுவர்க்கத்தை வைத்தனர். வடபுலத்து வைக்கிங்குகளின் வீரன், செத்தபின் பகலெல்லாம் போரிட்டு இரவெல்லாம் பன்றிக்கறி விருந்துண்டான். பண்டைத் தமிழகத்திலும் வீரனுக்கே மேலுலகம்; நோயில் இறந்த அரசரைப் புல்லில் கிடத்தி, வாளால் பிளந்து, போரில் மாண்டாராகக் கணக்குக் காட்டிய வழக்கத்தை ஔவையாரின் புறப்பாட்டு ஒன்று பதிந்துவைத்துள்ளது.

ஆக, எவருக்கு எது இல்லையோ அதுவே அவருடைய சுவர்க்கம். மேலுலகத்தின் படம் என்று காட்டப்படுவதெல்லாம், தலைகீழாய்ப் பிடித்த இவ்வுலகின் படம்!

நம் பொருநைக்கரையின் மிகப் பழைய மறுமை நம்பிக்கையும் மண்ணுக்கடியில் கிடைத்திருக்கிறது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளை 1876 இல் செருமானியர் யாகோர் தோண்டினார். பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். இரும்புக் கருவிகளும், நெற்றியிற் கட்டும் பொற்பட்டங்களும் வெளிவந்தன. அண்மையில் சிவகளையில் ஈமத்தாழியொன்றில் நெல் கிடைத்தது. கரிமப் பகுப்பாய்வில் அதன் காலம் கி.மு. 1155 என்று தெரிந்ததாக 2021 இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர், இறந்த தம்மவருக்குப் பசிக்குமே என்று நெல் வைத்திருக்கிறார். இன்று நாம் இடும் வாய்க்கரிசியும் அந்த நெல்லின் தொடர்ச்சிதானோ! நகைக்க மனம் வரவில்லை. காரும் பிசானமும் விளையும் இந்தக் கரையிலும் பசியே மனிதனின் முதற்கவலையாய் இருந்திருக்கிறது.

ஆனால் நெல்லை அப்படியே உண்ண இயலாதே! குத்தவேண்டும், புடைக்கவேண்டும், உலையிலிடவேண்டும். அந்த உலகில் அதைச் செய்தவர் யார்?

இதைத்தான் ஆச்சி கேட்டார்.

பதினான்கு வயதில் மணமாகி வந்தவர், எண்பத்தாறில் மறைந்தார். எழுபதாண்டுக்கு மேல் ஒரே அடுப்படி. புகையில் கண் பழுத்தது. விறகு மாறி மண்ணெண்ணெய் வந்தது. அதுவும் மாறி எரிவாயு வந்தது. அடுப்பின் முன் நின்றவர் மட்டும் மாறவில்லை. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பார். மிஞ்சாத நாள்களும் உண்டு. படுக்கையில் விழுந்த பின்னர், பேரன் என்ற முறையில் அருகிருந்த நம்மிடம், மெல்லிய குரலில் கேட்டார்: "ஏலே, நீ நெறைய படிச்சவன்லா. அங்ஙனயும் அடுப்பு உண்டுமா?"

எந்தப் புராணமும் இதற்கு விடை எழுதவில்லை. இந்திரன் அவையில் பெண் ஆடுகிறாள். வைக்கிங்குகளின் வீர விருந்தில் பெண் மது ஊற்றுகிறாள். விருந்துண்ணும் வீரனைப் பாடியவர் பலர். விருந்து சமைத்தவளை எண்ணிப் பார்த்தவர் யார்?

நாம் சொன்னோம்: "இல்லை ஆச்சி. அங்கே அடுப்பு கிடையாது."

"அப்பம் சரி" என்றார். முகம் தெளிந்தது, உறங்கிப்போனார்.

நாம் பொய் சொல்லவில்லை. இல்லாத உலகில் அடுப்பும் இல்லை. நம் கொள்கைப்படி அது முழு உண்மை. எனினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அங்கே அடுப்பு இல்லை என்று சொல்ல நம்மால் முடிந்தது. இங்கே அந்த அடுப்பிலிருந்து ஒருநாள் அவரை விடுவிக்க நாம் முயன்றோமா? பெண் விடுதலை பற்றி இரண்டு மணிநேரம் முழங்கிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பியபோதெல்லாம், விழித்திருந்து சோறு சூடாக்கிப் போட்டவர் யார்? அந்த ஆச்சிதானே! உண்டு கைகழுவினோம், அவர் உண்டாரா என்று ஒருநாளும் கேட்டோமில்லை.

சொர்க்கவாசலைத் திறந்துகாட்டும் ஊர்களில் மண்ணுலகின் வாசல்கள் எப்படி இருந்தன என்பதை நாம் நன்கு பேசியிருக்கிறோம். 'சொர்க்கவாசல்' என்ற பெயரிலேயே அண்ணா எழுதிய படம் 1954 இல் வெளிவந்தது. 1947 ஆம் ஆண்டின் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை, சொர்க்கவாசல் கிடக்கட்டும், வெளிவாசலையே மிதிக்க இயலாதவர் எண்ணற்றோர். வைகுண்டம் என்று பெயர் தாங்கிய அதே ஊரில், மண்கோட்டைச் சுவருக்குள் பெண்கள் வாழ்நாளெல்லாம் வெளியே வராமல் அடைபட்டிருந்த வழக்கம் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. சமத்துவம் போதித்த சமயமும் விலக்கன்று: வடக்கன்குளம் மாதாக்கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நின்ற சுவர் 1910 இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே மோட்சத்துக்குச் செல்ல இரண்டு பாதி!

இவற்றையெல்லாம் பேசிய நாம், நம் வீட்டு அடுப்படிச் சுவரைக் காணவில்லை. அதுவே நம் குற்றம்.

அச்சகத்தில் முடிவு நாமே சொன்னோம். சிவலோகமும் வேண்டாம், வைகுண்டமும் வேண்டாம், நமக்குப் பிடித்த நான்காவது சொல்லும் வேண்டாம். நம் கொள்கையை அவர் பெயரால் அறிவிக்க அவர் நமக்கு இசைவு தந்தாரில்லை. "காலமானார்" என்று போடச் சொன்னோம். அதை மறுக்க எவராலும் இயலவில்லை. ஒன்று மட்டும் வற்புறுத்தினோம். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று கொட்டை எழுத்தில் போட்டு, அவர் பெயரைக் கீழே பொடி எழுத்தில் வைத்திருந்தார் அச்சகத்தார். அதை மேலே ஏற்றி, எல்லாவற்றிலும் பெரிதாய்ப் போடச் சொன்னோம். பெரியப்பா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா பேரை எழுத்தில் பார்க்கிறது இதுதான் மொதத் தடவை" என்றார்.

பதினாறாம் நாள் விருந்தில் இலை போட்டதும் வழக்கம்போல் ஆடவர் முதற்பந்தியில் அமரப் போயினர். நாம் வாளியைக் கையிலெடுத்தோம். "இன்று பெண்கள் முதலில் உண்ணட்டும், நாம் பரிமாறுவோம்" என்றோம். முணுமுணுப்பு எழுந்தது. அத்தைமாரே கூச்சப்பட்டுச் சுவரோரம் ஒதுங்கினர். யாரும் உட்காரவில்லை. பெரியப்பா சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு, "உட்காருங்கம்மா. எங்கம்மா உட்காரவேயில்லை" என்றார். முதலில் ஓர் அத்தை அமர்ந்தார். பிறகு வரிசை நிறைந்தது.

ஒருவேளைச் சோற்றால் உலகம் மாறிவிடாது, அறிவோம். மறுநாளும் அடுப்பு எரியும். அதன் முன் நிற்பவர் யார் என்பதே கேள்வி. சுவர்க்கம் இல்லை என்று சொல்லிவிடுவது பகுத்தறிவின் பாதி வேலை. அதுவும் எளிய பாதி. எந்தக் குறை அந்தச் சுவர்க்கத்தைக் கனவுகாணச் செய்ததோ, அந்தக் குறையை இந்த மண்ணில், இந்த வீட்டில் நீக்குவதே மறுபாதி. இன்று மாலை கூட்டத்துக்குப் புறப்படும் தோழர்களே, புறப்படுமுன் உங்கள் அடுப்படியை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.