மினுக்கத்துக்கு அடியில்

ஓகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் மாமா பாலத்தடியில் வீச்சுவலை எறிந்தார். கரையில் நின்று நாற்பது படம் எடுத்திருப்பேன். கமராவின் பின்திரையில் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே வெள்ளித் தகடு. வலை விரிந்து விழுவது தெரிகிறது. விழுந்தபின் தண்ணீருக்குள் அது எப்படிப் படிகிறது என்பது தெரியவில்லை. நான் எடுக்க ஆசைப்பட்டது அதைத்தான்.

கனடாவிலிருந்து லீவில் வந்திருக்கும் மச்சான் பக்கத்தில் நின்றான். “இதைப் போட்டுப் பார் மச்சான்” என்று தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தந்தான். போட்டதும் திகைத்துப்போனேன். மணலில் படிந்து கிடந்த வலையின் ஈயக்குண்டுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தலையை ஒரு பக்கம் சாய்த்தேன், மினுக்கம் திரும்ப வந்து எல்லாவற்றையும் மூடியது. நிமிர்ந்தேன், விலகியது.

கமராவுக்கும் இப்படியொரு கண்ணாடி வேண்டும். என்னிடம் ஏற்கெனவே ஒரு போலரைசர் இருக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு வருடத்துக்கு முன் வாங்கியது. அதைப் போட்டு எடுத்தால் கொடியில் காயும் தங்கச்சியின் வெள்ளைப் பள்ளி யூனிபோமே மஞ்சளாக வரும். உப்புக் காற்றில் அதன் வளையமும் இறுகிப்போனது. றப்பர் வளையம் சுற்றித்தான் ஒருமாதிரிக் கழற்றினேன்.

ஓகஸ்ட் 25, திங்கள்

இரவு முழுக்க இதே யோசனை. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் பெரும்பகுதி கிடையாக அதிர்கிறது. போலரைசர் ஒரு திசை அதிர்வை மட்டும் உள்ளே விடும். அதை நிலைக்குத்தாகத் திருப்பி வைத்தால் கிடையாக வரும் மினுக்கம் வெளியே நின்றுவிடும், அடியிலிருந்து வரும் ஒளி மட்டும் வந்து சேரும். இது முழுதாக நடக்க ஒரு கோணம் உண்டு. 1815இல் இயற்பியலாளர் புரூஸ்டர் கண்டறிந்த விதி அது. தண்ணீருக்கு அது செங்குத்திலிருந்து 53 பாகை, அதாவது நீர்மட்டத்திலிருந்து 37 பாகை. என் கண் தண்ணீருக்கு ஐந்தடி மேலே இருந்தால், சுமார் ஆறரை அடி தள்ளியுள்ள தண்ணீர்தான் நன்றாகத் திறக்கும். அதைவிடத் தூரத்தில் போகப்போகப் பலன் குறையும்.

வானத்துக்கு வேறு கணக்கு. சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானம்தான் கறுக்கும். எங்கள் ஊரில் இதற்கு அளவுகருவியே தேவையில்லை. மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுவதையும் படுவதையும் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் நிலத்துக்கே பெயர் வைத்தார்கள். காலையிலும் மாலையிலும் கடலைப் பார்த்தோ படுவான்கரையைப் பார்த்தோ நின்றால் வானத்தில் போலரைசருக்கு வேலை இல்லை. கோட்டைக்கல்லாற்றுப் பக்கமாகவோ துறைநீலாவணைப் பக்கமாகவோ, கிட்டத்தட்ட வடக்குத் தெற்காக மட்டக்களப்பு–கல்முனை வீதி ஓடும் திசையில் திரும்பினால் வானம் ஆழ்ந்த நீலமாகும்.

ஓகஸ்ட் 27, புதன்

புதுப் போலரைசர் ஃபில்டர் வாங்க பஸ்ஸில் மட்டக்களப்பு போனேன். போகும் வழியிலேயே தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருந்தது: எத்தனை மில்லிமீற்றர்? என் 18–55, 55–250 இரண்டு லென்ஸுக்கும் முன்வாய் 58. அகலக் கோண 10–18க்கு 67. பெரிய அளவில் ஒன்று வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு இடைவளையம் போட்டுக்கொள் என்பார்கள். பணத்துக்கு அது லாபம்தான். ஆனால் இடைவளையம் போட்டால் லென்ஸின் வெயில்மறைப்பைப் பூட்ட முடியாது. எங்கள் வெயிலில் அது இல்லாமல் நான் படம் எடுக்கமாட்டேன். அகலக் கோணத்தில் வானத்தின் ஒரு துண்டு மட்டும் கருநீலமாகி, இரு பக்கமும் வெளிறிக் கிடக்கும். அழகான வானத்தில் மை கொட்டியதுபோல அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. 58தான் என்று முடிவெடுத்தேன்.

கடையில் மூன்றை எடுத்து வைத்தார்கள். முதலில் என் கைத்தொலைபேசித் திரைக்கு நேரே பிடித்துச் சுழற்றினேன். நல்ல ஃபில்டர் ஓரிடத்தில் திரையை முழுக் கறுப்பாக்க வேண்டும். ஒன்று ஊதா நிறத்தோடு நின்றுவிட்டது, அதைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்தது கடைச்சுவரில் தொங்கிய முகம்பார்க்கும் கண்ணாடி. பூட்டும் புரியுள்ள பக்கத்தை அதன் பக்கம் வைத்துப் பார்த்தால் கண்ணாடியில் தெரியும் ஃபில்டர் இருள வேண்டும், மறுபுறம் திருப்பினால் தெளிய வேண்டும். அதுதான் வட்டப் போலரைசர். என் கமராவுக்குள் ஆடி இருக்கிறது, நேர்ப் போலரைசர் போட்டால் ஒளி அளவீடும் தானியங்கிக் குவியமும் தடுமாறும். ஆடி இல்லாத புதுக் கமராக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது.

கடைசியாக ஒரு வெள்ளைத் தாளை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்து ஒப்பிட்டேன். நிறத்தில் வித்தியாசம் தெரியாத ஒன்றைத் தேர்ந்தேன். அதன் வளையம் பித்தளை, அலுமினியம்போல இலேசில் இறுகாது. விலை கூடத்தான். இந்த மாதம் வேறு எதையும் வாங்கமாட்டேன்.

ஓகஸ்ட் 29, வெள்ளி

எட்டரை மணிக்குக் கரையில் நின்றேன். அந்த நேரத்தில் சூரியன் ஏறத்தாழ 37 பாகை உயரத்தில் வருகிறது, எதிரே தண்ணீரில் அடிக்கும் கூச்சமும் சரியாக அந்தக் கோணத்திலேயே கண்ணுக்கு வருகிறது. வளையத்தைச் சுழற்றினேன், அது விளக்கைத் தணித்ததுபோல அடங்கியது. என் பழைய 18–55இல் குவியம் மாறும்போது முன்பகுதியும் சேர்ந்து சுற்றும். அதனால் முதலில் குவியம், பிறகு சுழற்றல். ஒளியும் இரண்டு படி குறைகிறது: 1/500இல் எடுத்ததை 1/125இல் எடுக்கவேண்டியிருக்கிறது. பறக்கும் வலைக்கு அது போதாது, ஐஎஸ்ஓவை ஏற்றினேன்.

மினுக்கம் போனபின் வந்த நிறம் நீலமில்லை. வெறும் தேநீர் நிறம், ஓரங்களில் பாசிப் பச்சை. எனக்குச் சர் சி. வி. ராமன் நினைவுக்கு வந்தார். 1921 செப்டெம்பரில் நார்குண்டா கப்பலில் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது, கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தால் அவரும் கடல்மேல் தெறித்த ஒளியை இப்படித்தான் அகற்றிப் பார்த்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். பிரதிபலிப்பை நீக்கியும் நீலம் போகவில்லை, அது தண்ணீரே சிதறடிக்கும் ஒளி என்று ராமன் எழுதினார். திருச்சியில் பிறந்தவரின் கைக்குள் அடங்கிய ஒரு பட்டகம் ஒரு பெரிய விஞ்ஞானியின் கூற்றைத் திருத்தியது. அவர் கண்டது ஆழ்கடல். எங்கள் வாவியோ சேறும் பாசியும் மழைக்கால வெள்ளமும் கலந்தது. அதன் நிறம் தேநீர் நிறமென்றால் படத்திலும் அப்படியே வரட்டும். அந்த மஞ்சள் ஃபில்டர் இத்தனை நாளும் மறைத்தது இந்த நிறத்தைத்தான்.

செப்டெம்பர் 3, புதன்

இந்த வாரம் நண்பகல் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே. நிழல் காலடியிலேயே சுருண்டுவிடுகிறது. படம் எடுப்பவர்கள் ஒதுக்கும் நேரம் இது. தண்ணீருக்குள் பார்ப்பதற்கு இதைவிட நல்ல நேரம் நான் கண்டதில்லை: வெயில் நேரே அடிவரை இறங்குகிறது, எதிர்க்கூச்சமும் இல்லை. கச்சான் காற்று ஓய்ந்து நின்ற கால் மணி நேரம் கிடைத்தது.

மாமா வலையை உதறிவிட்டு வந்து ஃபில்டரை வாங்கிக் கண்ணில் வைத்தார்.

“என்ன மனே, சும்மா கறுப்புக் கண்ணாடிதானே. எப்படித் திருப்பினாலும் ஒண்டும் மாறல்ல.”

“மறுபக்கம் பிடிச்சிருக்கிறீங்க மாமா.”

திருப்பிக் கொடுத்தேன். மெதுவாகச் சுழற்றினார். ஓரிடத்தில் கை நின்றது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஆறரை அடிக்கும் கொஞ்சம் அப்பால், சேற்றில் புள்ளி புள்ளியாகப் போன ஒரு கோட்டைக் காட்டினார்.

“அந்தா, நண்டு போன தடம். இப்பத்தான் போயிருக்கு, ஓரம் இன்னும் கரையல்ல.”

ஃபில்டரை அவர் கையிலிருந்து வாங்கிப் பூட்டி, அந்தத் தடத்தைத்தான் எடுத்தேன். எஃப் 8, 1/250.