ஒரு காலை... ஒரு புல்வெளி... ஒரு காணாமல் போன தலைநகரம்!

'டூர்' என்று சொன்னவுடனே ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று பெரிய பட்ஜெட் போட்டு, குரூப்பில் பதினெட்டு பேர் 'ஓகே' சொல்லி, கடைசியில் மூணு பேர் மட்டும் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பதுதானே நம்ம வழக்கம்? இந்தத் தடவை அந்த ரிஸ்க்கே வேண்டாம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை மட்டும் ஒதுக்குங்க. நீங்க கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, சிதம்பரம்... எந்த ஊரில் படிச்சாலும் சரி, போய்ட்டு வந்துடலாம். இடம்: அரியலூர் மாவட்டம், கங்கைகொண்ட சோழபுரம்.

"கோயிலா? அதான் ஸ்கூல் டூர்லயே பார்த்தாச்சே!" என்கிறீர்களா? பார்த்திருப்பீங்க. ஆனா உட்கார்ந்திருக்க மாட்டீங்க.

நம்ம ஊர் வசந்தம்

பஞ்சாங்கத்தைக் கேட்டா இளவேனில்னா சித்திரை, வைகாசின்னு சொல்லும். அதை நம்பி சித்திரையில அரியலூர் பக்கம் வந்தீங்கன்னா, செருப்பு ரோட்டோட ஒட்டிக்கும்! நிஜமான வசந்தம் மாசியிலும் பங்குனி ஆரம்பத்திலும்தான். அதுவும் நாள் முழுக்கக் கிடையாது. விடிஞ்சதுலேர்ந்து ஒன்பது மணி வரைக்கும்தான் அதோட டியூட்டி டைம். பனி விலகி, வெயில் உறைக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற அந்த ரெண்டு மூணு மணி நேரம்... அதைத் தவற விட்டா அடுத்த நாள்தான்.

அதனால விடியற்காலை பஸ்ஸைப் பிடிங்க. கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியா சுமார் 35 கிலோமீட்டர். திருச்சி பக்கமிருந்து வந்தா ஜெயங்கொண்டம் வழி. அந்தப் பக்கம் முந்திரிக்காடு நிறைய. மாசியில முந்திரி பூத்திருக்கும். ஜன்னல் சீட் கிடைச்சா ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு மூச்சை இழுத்துப் பாருங்க, அது தனி வாசனை.

நானும் முதல் தடவை சோம்பேறித்தனமா எழுந்து, உச்சி வெயில்ல போய் இறங்கினவன்தான். செருப்பை வெளியே விட்டுட்டு கருங்கல் தளத்தில் கால் வெச்சதும் ஆடினேன் பாருங்க ஒரு டான்ஸ்... எந்த கல்ச்சுரல்ஸ்லயும் அப்படி ஒரு ஸ்டெப் வந்ததில்லை.

வளைஞ்ச விமானம்

உள்ளே நுழைஞ்சதும் பெரிய நந்தி, அதுக்குப் பின்னாடி சுமார் 180 அடி விமானம், சுத்திலும் பச்சைப் புல்வெளி. அப்பா கட்டின தஞ்சாவூர் பெரிய கோயில் நேர்க்கோடா விறைப்பா மேலே போகும். பிள்ளை ராஜேந்திரன் கட்டின இந்தக் கோயில் விமானம் கொஞ்சம் உள்வாங்கி, வளைஞ்சு, நளினமா ஏறும். உயரம் அப்பாவோடதைவிடக் குறைச்சல்தான். கங்கை வரைக்கும் படை அனுப்பினவன், கடல் கடந்து கப்பல் அனுப்பினவன், அப்பாவை மிஞ்சி இன்னும் நாலு நிலை எழுப்ப முடியாமலா போயிருக்கும்? காரணம் எதுவா இருந்தாலும், புல்வெளியில உட்கார்ந்து இதைப் பத்தி ஒரு மணி நேரம் விவாதிக்கலாம். நாங்க விவாதிச்சோம்.

2004-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச இடம் இது. நுழைவுக் கட்டணம் கிடையாது. வடக்கு வாசல் படிகிட்ட கட்டாயம் நில்லுங்க. ஒரு பக்கம் சிவபெருமான் தன் காலடியில உட்கார்ந்திருக்கிற சண்டேசரோட தலையில பூமாலையைச் சுத்திவிடுற சிற்பம். கைகூப்பிக் குனிஞ்சிருக்கிற அந்த முகத்தில் ராஜேந்திரனையே பார்க்கிறவங்க உண்டு. எதிர்ப்பக்கம் சரஸ்வதி. அரியர் வெச்சிருக்கிறவங்க அங்கே கொஞ்சம் கூடுதலா நிக்கலாம்!

ஊர் எங்கேப்பா?

இப்ப ஒரு கேள்வி. இது சும்மா கோயில் ஊர் இல்லை. சுமார் 250 வருஷம் சோழப் பேரரசுக்கே தலைநகரம். அப்படின்னா அரண்மனை எங்கே? கோட்டை எங்கே? கடைவீதி எங்கே?

ரெண்டு கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேடுன்னு ஒரு இடம். 1980-களில் தோண்டினாங்க. 2021-லிருந்து மறுபடியும் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியது. செங்கல் சுவர், கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பானையோட உடைஞ்ச துண்டு... ஒரு அரண்மனையில் மிச்சம் அவ்வளவுதான். ஆனா பேருங்க மட்டும் சாகலை. சுத்தியிருக்கிற ஊர்ப் பேரைக் கேளுங்க: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். கோட்டை போச்சு, ஆயுதம் போச்சு, மெய்க்காவலர்களும் போயாச்சு. பேரு பஸ் போர்டுல ஓடிக்கிட்டிருக்கு.

பக்கத்திலேயே பொன்னேரி. சோழகங்கம்னு ராஜேந்திரன் வெட்டின ஏரி. கங்கையிலிருந்து குடத்தில் வந்த தண்ணியை இதில் ஊத்தினாங்க. இதைத் தண்ணியாலேயே செஞ்ச வெற்றித்தூண்னு சொல்லுது திருவாலங்காட்டுச் செப்பேடு. ஜெயிச்சவன் கல்லுல தூண் நடுறதுதானே வழக்கம்? இவன் விவசாயிக்கு ஏரி வெட்டியிருக்கான். அந்தப் பழைய பரப்பு இன்னைக்கு இல்லை.

கல்லு எங்கே போச்சு?

நீங்க வந்த வழியிலேயே அதுக்குப் பதில் இருக்கு. 1836-ல் கொள்ளிடத்துக்குக் குறுக்கே கீழணை கட்டினப்போ, கைக்குப் பக்கத்தில் ரெடிமேடா இருக்குன்னு இந்தக் கோயிலோட மதிலையும் முன்கோபுரத்தையும் இடிச்சு, கல்லை வண்டியில ஏத்திட்டாங்க. ஊர் ஜனங்க தடுத்திருக்காங்க. தடுத்தவங்களுக்குத் தண்டனைதான் கிடைச்சது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தர்றோம்னு சொன்ன வாக்கும் காத்தோட போச்சு.

கோபம் வருதில்லை? எனக்கும் வந்தது. ஆனா அதே கீழணைத் தண்ணிதான் வடவாறு வழியா வீராணம் ஏரிக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கும் போகுது. சென்னை ஹாஸ்டல்ல குழாயைத் திறக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு இது தெரியுமா?

ஒன்பது பேர்

ஃபைனல் இயர் மாசியில நாங்க ஒன்பது பேர் வந்தோம். எலுமிச்சை சாதம், ஒரு பழைய பெட்ஷீட், நிறைய வெட்டிப் பேச்சு. எங்கள்ல ஒருத்தன் சாவியை எடுத்து, எல்லோரோட இனிஷியலையும் கல்லுல கீறப் போனான். வாட்ச்மேன் பெரியவர் ஓடி வந்து கையைப் பிடிச்சார். திட்டலை. "தம்பி, கட்டினவங்களே பேரை எழுதிக்கலை. நீ எதுக்குப்பா எழுதுற?" அவ்வளவுதான். சாவி பாக்கெட்டுக்குள்ள போயிடுச்சு. (அவர் வராம இருந்திருந்தா, சட்டப்படி ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம்னு பிறகுதான் தெரிஞ்சது!)

கிளம்புறப்போ, வருஷா வருஷம் மாசியில இதே புல்லுல சந்திக்கிறதுன்னு சத்தியம் பண்ணினோம். அடுத்த வருஷம் நாலு பேர். அதுக்கு அடுத்த வருஷம் நான் மட்டும். வாசல்ல பூக்கட்டுற அம்மா என்னைப் பார்த்துட்டு, "எங்க தம்பி, மத்த புள்ளைங்களைக் காணோம்?"னு கேட்டாங்க. பதில் சொல்லாம சிரிச்சுட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அன்னைக்குத்தான் ஒண்ணு புரிஞ்சது. ஒரு தலைநகரமே கலைஞ்சு போன இடத்தில் உட்கார்ந்துக்கிட்டு, ஒன்பது பேர் கலைஞ்சதுக்கு நான் அழுதுக்கிட்டிருக்கேன்! பிரிஞ்சு போன கல்லெல்லாம் அங்கே ஆத்துல தண்ணியைத் தேக்கிக்கிட்டுதான் இருக்கு. எங்க ஆளுங்களும் எங்கேயோ யாருக்கோ உபயோகமாத்தான் இருப்பாங்க. சத்தியத்தைக் காப்பாத்தலைன்னாலும், அந்தக் காலை நிஜம். அது போதும்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால காலையிலேயே தரிசனத்தை முடிச்சுடுங்க. தண்ணி பாட்டில், தொப்பி முக்கியம். சாப்பாட்டை கோயில் வளாகத்துக்குள்ள பிரிக்காம வெளியே வெச்சுக்குங்க, குப்பையைத் திரும்ப எடுத்துட்டு வந்துடுங்க. செல்ஃபி பத்து போதும், மீதி நேரம் கண்ணால பாருங்க.

முக்கியமா, கூட இருக்கிற அத்தனை பேரையும் இழுத்துட்டுப் போங்க. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு மட்டும் சொல்லாதீங்க. மாசிக் காலை ஒன்பது மணி வரைக்கும்தான்!