ஆப்ப சோடாவும் 800 மீட்டரும்

அக்கா பையன் காலேஜுல 800 மீட்டர் ஓடுறான். திங்கட்கிழமை ராத்திரி போன். "மாமா, ஆப்ப சோடா குடிச்சுட்டு ஓடினா டைமிங் குறையுமாமே, நிஜமா?"

வர்ற ஞாயிறு அவனுக்கு செலக்‌ஷன். போன வருஷம் அரை செகண்டுல கோட்டை விட்டவன்.

சிரிச்சு மழுப்பலாம்னு பார்த்தேன். முடியலை. ஏன்னா விஷயம் நிஜம்.

முழு வேகத்துல ஓடும்போது தசையில ஹைட்ரஜன் அயனி சேர்ந்து அமிலத்தன்மை ஏறும். கடைசி 200 மீட்டர்ல கால் கல்லு மாதிரி ஆகுறதுக்கு அதுவும் ஒரு காரணம். சோடா தசைக்குள்ள போகாது. ரத்தத்துல காரத்தன்மையைக் கூட்டும். அந்த அயனிகள் தசையை விட்டு சீக்கிரமா வெளியேறும். 1983-ல ஆறு பேரை 800 மீட்டர் ஓடவிட்டு ஒரு ஆய்வு செஞ்சாங்க. போலி மருந்தோட சராசரி 2:05.1. சோடாவோட 2:02.9. ரெண்டு செகண்டுக்கு மேல! அரை செகண்டுக்கு அழுதவன்கிட்ட இதை எப்படி மறைக்கிறது?

ஆனா மக்களே, நான் பாதிக்கப்பட்டவன் :-)

கிலோவுக்கு 0.3 கிராம், ஓட்டத்துக்கு ஒண்ணுல இருந்து மூணு மணி நேரம் முன்னாடி. இதான் கணக்கு. 23 வயசுல, 20 கிராமை ஒரே டம்ளர்ல கலக்கி வெறும் வயித்துல குடிச்சேன். வயித்து அமிலமும் சோடாவும் சேர்ந்தா கேஸ்தானே? வார்ம்-அப்லயே கடமுடா. அப்புறம் மைதானத்துக்குப் பின்னாடி இருந்த கக்கூஸ்ல உட்கார்ந்திருக்கேன், ஸ்டார்ட் துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேக்குது. அது என் பந்தயம்.

இன்னொண்ணு. 60 கிலோ பையனுக்கு 18 கிராம்னா, அதுல சோடியமே 5 கிராம் கிட்ட. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. பிபி, கிட்னி தொந்தரவு இருக்கிறவங்க கிட்டயே போகாதீங்க.

அவன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "பந்தயத்தன்னிக்கு முதல்முறையா குடிக்காதே. பிராக்டீஸ்ல பாரு. 12 கிராம், தராசுல நிறுத்து. சாப்பாட்டோட கொஞ்சம் கொஞ்சமா, நிறைய தண்ணியோட."

"ஆறு நாள்தான் இருக்கு மாமா."

"அப்ப புதன்கிழமை ஓடிப் பாரு. அம்மாகிட்ட சொல்லிட்டு."

நேத்து போன் பண்ணான். வயிறு தப்பிச்சுதாம், ஏப்பம் மட்டும். டைமிங் என்னடான்னேன்.

"ஞாயித்துக்கிழமை சொல்றேன் மாமா"ன்னு வெச்சுட்டான்.