மாத்து டிரைவர்

உங்களுக்கு ஒரு கணக்கு. ஒருவர் ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் 24 பந்து வீசலாம். லீக் சுற்றில் 14 ஆட்டம். மொத்தம் 336 பந்து. சம்பளம் 10.75 கோடி. ஒரு பந்து என்ன விலை?

சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்! நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை 2024 நவம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் டெல்லி அணி எடுத்த விலை இது.

'நாமக்கல் கோழி ஒரு நாள் முழுக்க முக்கி ஒரு முட்டை போட்டா அஞ்சு ரூவாய்ங்க. இவரு கையை ஒருக்கா சுத்துனா மூணு லட்சமா?' என்று டீக்கடையில் கொதித்தார் நண்பர்.

இதே நடராஜனை 2017-ல் பஞ்சாப் எடுத்தது 3 கோடிக்கு. அடுத்த வருஷம் ஹைதராபாத் எடுத்தது 40 லட்சத்துக்கு. 2022-ல் அதே ஹைதராபாத் கொடுத்தது 4 கோடி. 2024 சீசனில் 19 விக்கெட் எடுத்தார், விலை எகிறிவிட்டது. அதே ஆள், அதே இடது கை. பி.காம். படித்த எனக்கே தலை சுற்றியது.

விஷயம் கடைசி நாலு ஓவரில் இருக்கிறது. அடிக்கிறவன் எதற்கும் துணிந்து நிற்கிற நேரம் அது. அப்போது காலடியில் யார்க்கர் இறக்குகிற ஆள் அபூர்வம். அமெரிக்க பேஸ்பாலிலும் இப்படி உண்டு. ஆட்டம் முழுக்க ஓரமாக உட்கார்ந்திருந்து, கடைசியில் வந்து பந்து வீசுகிறவர்கள். 2016-ல் சிகாகோ கப்ஸ் அணி, நாலு ஆட்டக்காரர்களைக் கொடுத்து ஆரோல்டிஸ் சாப்மேன் என்ற அப்படிப்பட்ட ஒருவரை வாங்கியது. சில மாசத்துக்குத்தான். 108 வருஷம் கழித்துக் கோப்பை வந்தது. சீசன் முடிந்ததும் அவர் போய்விட்டார்.

இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தது கிரிக்கெட் இல்லை; சங்ககிரியில் அப்பா வைத்திருந்த ஒற்றை லாரி. டிரைவர் ஒருத்தர், மாத்து டிரைவர் ஒருத்தர். காலேஜ் இரண்டாம் வருஷம், கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது. 'அப்பா, ஒருத்தர் ஓட்டறப்ப இன்னொருத்தர் தூங்கறாரு. தூங்கறதுக்கு பேட்டாவா?' என்றேன். படித்த மகன் சொல்கிறானே! அப்பா தலையாட்டிவிட்டார்.

மாத்து டிரைவர் அண்ணன் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: 'ராத்திரி ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்குந்தானுங்க தம்பி என்ற வேலை.'

மூணாவது மாசம், ஆந்திரா பக்கம், விடியற்காலை மூன்றரை மணிக்கு லாரி புளியமரத்தில் மோதியது. டிரைவர் பிழைத்தார். ஆனால் நொறுங்கிய கால் மறுபடி கிளட்ச் மிதிக்கவில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மிச்சம் பிடித்த பேட்டா, என் கையெழுத்தில், அந்த நோட்டில் இன்னும் இருக்கிறது.

2025 சீசனில் நடராஜன் ஆடியது இரண்டே ஆட்டம். 'பார்த்தீங்களா, தண்டம்!' என்று நண்பர் போன் செய்தார். இருக்கலாம். வாங்கி உட்காரவைத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லைதான். ஆனாலும், பந்தால் வகுத்து விலை சொல்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

உங்கள் ஆபீஸிலும் 'சும்மா உட்கார்ந்திருக்கிற' ஒருத்தர் இருப்பார். அவர் பேரை அடிப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் விசாரியுங்கள்... அவர் எந்த ரெண்டு மணிக்கான ஆள்?