மூன்றாம் மொழியும் முதல் மொழியும்

பெங்களூரில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆறாம் வகுப்பில் ஒரு சோதனை வந்து சேர்கிறது. மூன்றாம் மொழி எது என்னும் கேள்வியே அது. ஆங்கிலம் பயிற்றுமொழி. கன்னடம் நம்மை வாழவைக்கும் மண்ணின் மொழி. அதைக் கற்பது கடமை மட்டுமன்று, நன்றியுமாகும். எஞ்சியிருப்பது ஓரிடம். நம் மகள் பயின்ற பள்ளியில் அவ்விடத்திற்கு இந்தி, சமஸ்கிருதம், ஜெர்மன் ஆகிய மூன்றும் காத்திருந்தன. தமிழ் அங்கில்லை. அவள் ஜெர்மன் மொழியைக் கேட்டாள், நாம் மறுக்கவில்லை.

ஜோலார்பேட்டையில் இருக்கும் நம் அன்னையார் மட்டும், "எந்தத் தேசத்துப் பாஷையோ எழுதுகிறாளாமே! எனக்கு ஒரு கடுதாசி எழுதச் சொல்லு பார்ப்போம்" என்றார். அன்று அதைச் சிரித்துத் தள்ளினோம்.

பள்ளித் தேர்வுகளில் மகள் ஒருமுறையும் தொண்ணூறுக்குக் குறையவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு நாள், ஜெர்மானிய ஒலிபரப்பு நிறுவனமான டாயிச்ச வெல்லே, மொழி பயில்வோர்க்கென மெதுவாக வாசித்து வெளியிடும் செய்திகளைக் கேட்க அமர்ந்தாள். நாட்டின் பெயர்களும் எண்களும் தவிர ஒன்றும் அவளுக்கு விளங்கவில்லை. "மூன்று வருடம் படித்தது வீண்தானா அப்பா?" என்று கேட்டுக் கண் கலங்கினாள்.

வீணன்று, ஆனால் அவள் படித்தது பாடத்தை, மொழியை அன்று. பாடப்புத்தகத்தின் வினா விடைகளை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும். செவியும் நாவும் பழகா. பள்ளியின் பாடவேளையை மட்டுமே நம்பியிருத்தல் தகாது என்பதற்கு நாடறிந்த சான்றும் உண்டு. கேந்திரிய வித்யாலயங்களில் 2011ஆம் ஆண்டு முதல் மூன்றாம் மொழியாகக் கற்பிக்கப்பட்ட ஜெர்மன், 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவிலேயே அவ்விடத்திலிருந்து நீக்கப்பட்டது. அதில் அரசின் கொள்கை சரியா தவறா என வழக்காடுவது நம் நோக்கமன்று. பாதியில் நின்ற பிள்ளைகளைத்தான் நினைத்துக்கொண்டோம்.

விசாரித்தபோது, இம்மொழிக்கு ஆறு படிகள் கொண்ட ஏணி ஒன்று உண்டென அறிந்தோம். ஏ-1, ஏ-2, பி-1, பி-2, சி-1, சி-2 என்பன அப்படிகள். கெதே நிறுவனம் நடத்தும் தேர்வுகளில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கையும் சோதிக்கிறார்கள். முதற்படிகளுக்குச் சிறார்க்கென்றே தனித் தேர்வுகள் உள்ளன. மாதிரி வினாத்தாள்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. மாக்ஸ் முல்லர் பவன் என நம் நாட்டில் வழங்கும் அந்நிறுவனத்தின் கிளை, இந்திரா நகர் மெட்ரோ நிலையத்திற்கு அருகிலேயே உள்ளது.

மகளை அங்குச் சேர்த்தோம். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தோம். இந்திரா நகரிலிருந்து ஒரே நிறுத்தம் தள்ளி அல்சூர். 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் ஏரிப் பக்கத்தில் இருக்கிறது. ஜெர்மன் வகுப்பு முடிந்ததும் அல்சூரில் இறங்கிச் சங்க நூலகத்தில் ஒரு மணி நேரம் தமிழ் படித்த பிறகே வீடு திரும்ப வேண்டும் என்றோம். முதலில் முகம் சுளித்தாள், பிறகு பழகிவிட்டாள்.

எதிர்பாராத பயன் ஒன்று விளைந்தது. ஜெர்மன் மொழியில் நான்கு வேற்றுமைகள். அவற்றில் அவள் தடுமாறினாள். நாம் பத்தாம் வகுப்போடு நின்றவர். அம்மொழியில் ஓரெழுத்தும் அறியோம். ஆயினும் அவள் சொல்லக் கேட்டபோது பழைய தமிழாசிரியர் நினைவுக்கு வந்தார். டேர் மன் என்றால் மனிதன்; அதுவே டென் மன் ஆனால் மனிதனை; டேம் மன் ஆனால் மனிதனுக்கு. "இது நம் ஐயும் குவ்வும் அல்லவா! நமக்கு உருபு சொல்லின் வாலில் ஏறுகிறது, அவர்களுக்குத் தலையில் மாறுகிறது" என்றோம். அன்றிரவே எட்டு வேற்றுமைகளையும் எழுதிக் காட்டினோம். 'ஏனெனில்' என்று தொடங்கும் வாக்கியத்தில் அவர்களும் வினைச்சொல்லை நம்மைப்போல் இறுதியில் வைக்கிறார்கள் என்று கண்டு அவள் மகிழ்ந்தாள். மேசை ஆண்பாலாம், விளக்கு பெண்பாலாம், சிறுமியோ இரண்டுமில்லாத பாலாம். இதற்கு மட்டும் நம் இலக்கணத்தில் மருந்தில்லை, மனப்பாடமே கதி.

பத்தாம் வகுப்பில் பி-1 தேர்வெழுதினாள். நான்கு பகுதிக்கும் தனித்தனியே நூறு மதிப்பெண். ஒவ்வொன்றிலும் அறுபது பெற வேண்டும். மூன்றில் தேறினாள்; பேசுதலில் ஐம்பத்திரண்டு. வீட்டில் பேசுவதற்கு ஆளில்லாத குறை அது. தவறிய பகுதியை மட்டும் மீண்டும் எழுதலாம் என்பது ஆறுதல். அன்றுமுதல் இரவு உணவின்போது அன்றைய நிகழ்ச்சிகளை ஜெர்மன் மொழியில் சொல்வாள். நாமும் துணைவியாரும் ஒன்றும் புரியாமல் "யா, யா" என்று தலையாட்டுவோம். கேட்பார் இருப்பதே போதும் போலும்! மறுமுறை எழுபத்தொன்று வந்தது.

இனி மேற்படிப்பு. அதை ஆராய்ந்தபோது கால்கள் சற்றுத் தளர்ந்தன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் பொதுவாகப் போதாது. இங்கே கல்லூரியில் ஓராண்டு பயில வேண்டும்; அல்லது அங்கே ஆயத்தக் கல்லூரியில் ஓராண்டு இருக்க வேண்டும். ஜெர்மன் வழியில் பயில ஏறத்தாழ சி-1 அளவு தேர்ச்சி தேவை. 2022 நவம்பர் முதல் நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றும் வேண்டும். வாழ்க்கைச் செலவிற்கென வங்கியில் காட்டவேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது. இரயில்வே எழுத்தரின் சம்பளப் பட்டியலில் அத்தொகையைத் தேடிப் பார்த்தோம்; காணவில்லை. எனினும் கடல் கடந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஐதராபாத்தின் ஆங்கில மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும், தில்லியின் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஜெர்மன் மொழியில் பட்டப்படிப்பே உண்டு. மகளிடம் இரண்டு வழிகளையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறோம்.

1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1716இல் அவருடைய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. 1856இல் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து வெளியிட்டார். தம் மொழியை விட்டுவிட்டு அவர்கள் நம் மொழிக்கு வரவில்லை. தம் மொழிக்கு நம் செல்வத்தைக் கொண்டு சென்றார்கள். நம் பிள்ளைகளும் அவ்வாறே செல்லவேண்டும் என்பதே நம் ஆசை.

சென்ற பொங்கலுக்கு மகள் தன் பாட்டிக்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதினாள். ழகரத்திலும் றகரத்திலும் பிழைகள் இருந்தன, நாம் திருத்தவில்லை. நான்கு நாள் கழித்து அன்னையார் தொலைபேசியில் அழைத்தார். "கண்ணு, எழுத்து கோழி கிண்டினாப்போல இருக்கு. இருந்தாலும் ரெண்டு தடவை படிச்சிட்டேன். அடுத்தது எப்போ எழுதுவே?" என்று கேட்டார்.

பி-2 வகுப்பு வரும் மாதம் தொடங்குகிறது. அல்சூர் நிறுத்தமும் தொடரும்.